மூன்றாம் வரிசையில் ஒரு முதுகு

கழுத்தை மெதுவாக வலது பக்கம் திருப்புங்கள், அவசரமே இல்லை, பஸ் ஒன்றும் போய்விடாது என்று சொல்லிக்கொண்டே வல்லி இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் நடுவில் வெறுங்காலோடு நடந்தாள். கண் மட்டும் கடைசிப் பாயை விட்டு நகரவில்லை. வந்துவிட்டான். ஐந்தாவது நாளும் வந்துவிட்டான். ஆறு மணி யோகா வகுப்புக்கு ஐந்தே முக்காலுக்கே வந்து, கொண்டுவந்த துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, நல்ல பிள்ளை மாதிரி கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான் தனுஷ்கோடி மாஸ்டர். எழுபத்தோரு வயதுக் கிழவனை அவன் இவன் என்கிறாளே என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். வாயால் சார் என்றுதான் கூப்பிடுகிறாள், மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் கூப்பிடுவாள், அதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி வாங்க முடியாது. திங்கட்கிழமை மருமகள் பிரபாவதிதான் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் இங்கே இரண்டு வருஷமாக வருகிறவள், நல்ல பெண். மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது மேடம், இடது கால் மரத்துப் போகிறது, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். பார்த்துக்கொள்ளத்தானே போகிறேன் என்று விண்ணப்பத் தாளை நீட்டினாள் வல்லி. பெயர் தனுஷ்கோடி. சொந்த ஊர் கோவில்பட்டி. தொழில் என்ற இடத்தில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் என்று சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தான். அதைப் படிக்கும்போது அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் சில்லிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். முடியெல்லாம் போய், கன்னம் ஒட்டி, கண்ணாடி போட்டு, இவனா அவன் என்றிருந்தது. அவன் அவளைப் பார்த்து வணக்கம் மேடம் என்றான். அவனுக்கு எதுவுமே தெரியவில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் முப்பத்தோரு கிலோப் பெண் எழுபத்திரண்டு கிலோ வல்லி மேடம் ஆகியிருக்கிறாள், கண்ணாடி, சுடிதார், நரைத்த வகிடு, எப்படித் தெரியும். சரி, இப்போது இடது பக்கம், தோளைத் தூக்காமல், தோள் பாட்டுக்குத் தோள் கிடக்கட்டும்.

ஆடி மாசம். கல்யாணம் எதுவும் கிடையாது. அதனால் மண்டபத்து மாடியில் வகுப்பு ஒரு நாள்கூடத் தடைப்படவில்லை. மற்ற மாசங்களில் முகூர்த்த நாள் வந்தால் வகுப்பு இல்லை என்று வாட்ஸப்பில் போடவேண்டும். மறுநாள் வந்தால் இந்தச் சாப்பாட்டுக் கூடம் முழுக்க ரச வாசனை அடிக்கும், ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுங்கள் என்று சொல்லவே அவளுக்குக் கூச்சமாக இருக்கும். ஆடி நல்லது. வெள்ளிக்கிழமை என்றால் முன்னால் குனிகிற ஆசனங்கள். இது அவள் போட்ட அட்டவணைதான், பதினெட்டு வருஷமாக மாற்றியதில்லை, மாற்றினால் முதல் வரிசை ஜமுனா அம்மாள் சும்மா விடமாட்டாள். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து ஊரையே கேள்வி கேட்ட பழக்கம் அந்த அம்மாளுக்கு. திங்களிலிருந்து வெள்ளிக்காகத்தான் வல்லி காத்திருந்தாள். இன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு என்று சொல்லிக்கொண்டாள், நுரை வழிய. சொல்லப்போனால் நேற்று மத்தியானம் மெத்தையைச் சுருட்டிக் கட்டி, பாயில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கியும் பார்த்தாள். எந்த இடத்தில், எந்தச் சாய்வில் என்று. வெட்கமாக இல்லையா? இல்லை. கடைசி இரண்டு எலும்புக்கு நடுவில், மூச்சை விட்டு முடிக்கிற நேரத்தில், எழுபத்திரண்டு கிலோ. ஏற்கெனவே இடது கால் மரக்கிற உடம்பு. அதிகமாக ஒன்றும் வேண்டியதில்லை. எல்லோரும் கையை மேலே தூக்குங்கள், காது ஓரமாக, விரலை யாரோ மேலே இருந்து இழுக்கிற மாதிரி.

வல்லி எதையும் செய்து காட்டமாட்டாள். அது அவளுடைய பாணி என்று மதுரை முழுக்கப் பெயர். மற்ற வாத்தியார்களெல்லாம் முன்னால் மேடை மாதிரி போட்டு உடம்பை வளைத்து நெளித்துக் காட்டுவார்கள், கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கும். வல்லி மேடம் வாயாலேயே ஆசனம் போடவைப்பார் என்பார்கள். குதிகாலைத் தரையில் தேய்க்காமல் நீட்டுங்கள், கால் விரலால் மாவு பிசையுங்கள், இடுப்பை மறந்துவிட்டு வயிற்றைத் தொடை மேல் கொண்டுபோய் வையுங்கள், தலை கடைசியில் வரட்டும், அதற்கு என்ன அவசரம். சமையல்கட்டு வார்த்தையாகவே வரும், எல்லோருக்கும் புரியும். புகழ்வார்கள். ஒரு பத்திரிகைக்காரி வந்து, இது என்ன மரபு மேடம் என்றுகூடக் கேட்டாள். மரபாவது மண்ணாங்கட்டியாவது. குனிந்தால் எழுந்திருக்க முடியாது, அவ்வளவுதான். பதின்மூன்று வயதுக்குப் பிறகு வல்லி குனிந்து ஒரு குடம் தூக்கியதில்லை. மகளைச் சுமந்த ஒன்பது மாசமும் படுக்கையிலேயே கிடந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தெரு நடந்ததில்லை. புருஷன்தான் தூக்கினார், பக்கத்து வீட்டுக்காரி தூக்கினாள், எல்லோரும் தூக்கினார்கள். பிள்ளை அழுதால் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் கொண்டுவந்து போடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. மகளுக்கு இப்போது கல்லூரி, அவளும் மறந்திருப்பாள். வல்லி மறக்கவில்லை. அந்த ஒரு கணக்குக்கே கிழவனை இரண்டு தடவை அமுக்கலாம்.

கோவில்பட்டியில் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் ஒரு தகரக் கூரை. மத்தியானம் மூன்றரைக்கு வெளியே நிற்க முடியாது, உள்ளே அதைவிட மோசம். அதற்குள் பத்துப் பெண்கள் ஜமக்காளத்தில் வரிசையாக. செண்பகவல்லி அதில் ஐந்தாவது. அம்மா தீப்பெட்டி ஒட்டப் போனாள், வீட்டில் எல்லோருடைய விரலிலும் பசை. உடம்பு ரப்பர் மாதிரி வளைகிறது இந்தப் பிள்ளைக்கு என்று மாஸ்டர் வீடு தேடி வந்து அம்மாவிடம் சொன்னார். ஆமாம், அப்போது அவர் இவர்தான், என்ன மரியாதை, நாற்காலி இரவல் வாங்கிப் போட்டார்கள். மாநிலப் போட்டியில் இடம் பிடித்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ், பிறகு வேலை, உங்கள் கஷ்டம் விடிந்தது என்றார். அம்மா அன்றிலிருந்து அவளை ஒட்டவிடவில்லை. முட்டை வாங்கிக் கொடுத்தாள். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிந்து, நெஞ்சு தொடையில் ஒட்டி, மூக்கு முழங்காலைத் தாண்டி, இன்னும், இன்னும், காகிதம் நுழையக்கூடாது நடுவில் என்பார். நுழைந்தால் முதுகில் ஏறி உட்காருவார். ஏறி உட்காருவார் என்றால் நிஜமாகவே, ஒரு பெஞ்சில் உட்காருகிற மாதிரி, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, மற்ற பெண்களை அதட்டிக்கொண்டு. கீழே இருக்கிறவளுக்கு மூச்சு விட முடியாது, விட்டால் திரும்ப இழுக்க முடியாது. ஒரு புதன்கிழமை அப்படி உட்கார்ந்தபோது உள்ளே மளுக்கென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. அவளுக்கு மட்டும் கேட்டது. மூத்திரம் போய்விட்டது ஜமக்காளத்தில். பெண்கள் சிரித்தார்கள். வாயுப் பிடிப்பு, ஒன்றுமில்லை, போய் முகம் கழுவு என்றார் மாஸ்டர். அடுத்த வாரம் திருச்சியில் போட்டி. இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டி அவளை ஏற்றினார். இரண்டாம் பரிசு. திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டிலிருந்து தூக்கி இறக்க வேண்டியிருந்தது அவளை. அவர் கோப்பையோடு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார்.

பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆறு மாசம் பலகையில் கிடந்தாள், எட்டாம் வகுப்புப் பரீட்சை போயிற்று, கோட்டா போயிற்று. எட்டுத் திக்கும் ஓடி அம்மா அலைந்தாளே தவிர அவன் எட்டிப் பார்க்கவில்லை. அவளுடைய இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள் ஜமக்காளத்தில். இருந்தாலும் அம்மா அவனைத் திட்டவில்லை. அதுதான் இவளுக்கு இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. பாவம், அவருக்கு என்ன தெரியும், நல்லது செய்யத்தானே நினைத்தார் என்பாள், சாகிறவரைக்கும் அதையே சொன்னாள். வல்லியும் ஒரு காலத்தில் அப்படி நினைக்கப் பார்த்தாள். இருபத்து நாலு வயதில் யோகா டிப்ளமாவில் போய்ச் சேர்ந்ததே இதற்காகத்தான். எலும்புக்கூட்டுப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, குனிந்திருக்கிறவள் முதுகில் ஒரு ஆள் பாரம் இறங்கினால் என்ன ஆகும் என்று படித்தாள். படித்தால்தானே தெரிகிறது. அவன் படிக்கவில்லை, அவனுடைய வாத்தியாரும் அவன் முதுகில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். தெரியாமல் செய்தவனை என்ன செய்ய முடியும்? நாய் கடித்தால் திருப்பிக் கடிக்கவா முடியும்? இந்த ஒரு இடத்துக்கு வந்தால் அவளுடைய கோபம் வண்டி மாடு மாதிரி நின்றுவிடும். பல வருஷம் அப்படியே நின்றது. திங்கட்கிழமை அந்தச் சாய்ந்த கையெழுத்தைப் பார்த்ததும்தான் மறுபடி கிளம்பிவிட்டது. தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, உடைந்தது என்னுடையதுதானே.

சரி, எல்லோரும் காலை நீட்டி உட்காருங்கள் என்றாள். முதுகு நேராக. மூச்சை இழுத்துக் கையைத் தூக்கி, விட்டுக்கொண்டே இடுப்பிலிருந்து குனியுங்கள். முழங்காலைத் தொட்டால் முழங்கால், பாதத்தைத் தொட்டால் பாதம், ஒன்றையும் தொடாவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஒண்ணு. இருபத்திரண்டு முதுகுகளும் குனிந்தன. முதுகுகளைப் பார்த்தே அவளுக்கு ஆளைத் தெரியும், யார் ராத்திரி தூங்கவில்லை, யார் வீட்டில் சண்டை, எல்லாம். கடைசிப் பாயில் அந்த முதுகு பாதிகூடக் குனியவில்லை, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது. வெள்ளை பனியனுக்குள் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ரெண்டு. அவள் முதல் வரிசையிலிருந்தே ஆரம்பித்தாள், எப்போதும் போல, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. வல்லியின் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு, அவள் தனக்கே போட்டுக்கொண்டது. கேட்காமல் யார் மேலேயும் கை வைக்கமாட்டாள். தொடலாமா என்று கேட்பாள். ஆம் என்றால் தொடுவாள், வேண்டாம் என்றால் பேசாமல் நகர்ந்துவிடுவாள். புருஷன்கூட ஒரு தடவை கிண்டல் செய்தார், டாக்டரே இப்படிக் கேட்பதில்லையே என்று. ஜமுனா அம்மா, தொடலாமா? தாராளமா என்றாள் அந்த அம்மாள், முழங்காலுக்குள்ளிருந்து. உள்ளங்கையைச் சும்மா வைத்தாள், அமுக்கவில்லை, வைத்தாலே போதும், உடம்பு தானாக இறங்கும். மூணு. அடுத்தவளுக்கும் கேட்டாள். அதற்கடுத்தவளுக்கும். கடைசிப் பாய்க்குக் கேட்கப்போவதில்லை, அதைத் திங்கட்கிழமையே முடிவு செய்தாகிவிட்டது. என்னை யார் கேட்டார்கள்?

நாலு. ஆனால் பயம் வந்துவிட்டது. கிழவன் அப்படியே விழுந்துவிட்டால்? இருபத்தோரு பேர் சாட்சி. ஆம்புலன்ஸ் வரும், மண்டபத்துக்காரன் மாடியைப் பூட்டுவான், வாட்ஸப்பில் நாறும், வல்லி மேடம் ஒரு பெரியவர் இடுப்பை முறித்துவிட்டார் என்று. பதினெட்டு வருஷப் பெயர் ஒரே காலையில் போகும். மகள் ஃபோன் செய்து, ஏம்மா இப்படிச் செஞ்சே என்று கேட்பாள். என்ன சொல்வாள்? கை தவறிவிட்டது என்று சொல்லலாம். வாத்தியாருக்குக் கை தவறாதா என்ன. வயதானவர், ஏற்கெனவே பழுது, தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். இதையெல்லாம் எப்போது யோசித்து வைத்தேன் என்று அவளுக்கே திடுக்கென்றது. நான் இப்படி ஒரு ஆளா? ஆமாம், இப்படி ஒரு ஆள்தான், ஆக்கிவிட்டார்கள். பலகையில் கிடந்தபோது விட்டத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு நாளும் கறுவியதெல்லாம் எங்கே போகும்? அஞ்சு. பிரபாவதியின் பாய்க்கு வந்தாள். தொடலாமா? ம் என்றாள். அந்த முதுகு வெண்ணெய் மாதிரி இறங்கியது, நல்ல பெண், இன்றைக்கு அழப்போகிறாள், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆறு. அடுத்த பாய்.

பின்னால் போய் நின்றாள். பவுடர் வாசனை, தைல வாசனை. வலது முழங்காலை மெல்லத் தரையில் ஊன்றினாள், அவளுக்கு அது சுலபமில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு கையையும் நீட்டினாள். கடைசி இரண்டு எலும்புக்கு நேராக. மெத்தையில் பார்த்து வைத்த அதே சாய்வு. அவன் மூச்சை இழுத்தான், பனியன் விரிந்தது. விடட்டும். விட்டு முடிக்கட்டும். உள்ளங்கைக்கும் பனியனுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி, அவனுடைய சூடு கையில் தெரிந்தது. அவன் மூச்சை விட்டான். ஏழு என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய் ஏழு என்று சொல்லவில்லை.

"தொடலாமா?" என்றது.

சே. பாழாய்ப்போன வாய். பதினெட்டு வருஷம் காலையும் மாலையும் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், அது பாட்டுக்குக் கேட்டுத் தொலைத்துவிட்டது, அவளைக் கேட்காமலேயே. தன் வாயிலேயே ஒன்று போட்டால் என்ன என்றிருந்தது. கையைப் பின்னுக்கும் இழுக்காமல் முன்னுக்கும் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருந்தாள். இருந்தாலும் பரவாயில்லை, தாராளமா என்று சொல்லட்டும், எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள், சொன்ன கையோடு முடித்துவிடலாம்.

"வேண்டாம்மா. கை மட்டும் வச்சிராதீங்க," என்றான் அவன், முழங்காலைப் பார்த்துக்கொண்டே. கிசுகிசுப்பில்லை, வகுப்பு முழுக்கக் கேட்கிற குரல், விசிலடித்துப் பழகிய தொண்டை. "குனிஞ்சிருக்கும்போது மேல பாரம் வந்தா டிஸ்க்கு பிதுங்கிரும். நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தவன்தான், எனக்குத் தெரியும்."

ஊன்றிய முழங்காலில் வலி ஏறியது, அது எங்கோ யாருடைய முழங்காலிலோ ஏறுகிற மாதிரி இருந்தது. இங்கே வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டிருப்பான், மருமகள் ஃபோனில் காட்டியிருப்பாள், டாக்டர் சொல்லியிருப்பார் என்று மனசு அவசர அவசரமாக அவனுக்காக ஏதோ தேடியது. அம்மா குரலில்தான் தேடியது. போதும்மா, நீ சும்மா இரு.

"எப்ப இருந்து தெரியும் சார்?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி, அப்பவே தெரியும்மா. டிரெயினிங்லயே படிச்சதுதான், பிள்ளைக முதுகுல பாரம் ஏத்தக்கூடாதுன்னு." அவன் லேசாகச் சிரித்தான், பழைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவன் மாதிரி. "என்ன செய்ய, பரிசு வேணும்ல. சின்ன உடம்பு, தாங்கிக்கிடும்னு விட்டோம். ஒரு ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஆகிப்போச்சு."

ஏழெட்டு. ஏழா எட்டா என்றுகூட அவனுக்குத் தெரியாது. வல்லி இத்தனை காலம் தன் ஒருத்தியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், தகரக் கூரைக்கு அடியில் அன்றைக்குச் சிரித்த பெண்களை ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அவளுடைய இடத்தில் வந்து உட்கார்ந்தவளைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள், அவள் பெயர்கூட இப்போது வரவில்லை. அவளும் எங்கேயோ குடம் தூக்காமல் இருக்கிறாளோ என்னவோ. எல்லோருடைய அம்மாவும் சொல்லியிருப்பாள், பாவம், அவருக்கு என்ன தெரியும். கையைப் பார்த்தாள். அமுக்கலாம், இப்போதும் அமுக்கலாம், ஒரு விரல் இடைவெளிதான், இதைவிட நியாயமான நேரம் இனி வராது. ஆனால் அமுக்கினால் இவன் அலறுவான், மருமகள் ஓடிவருவாள், இவன் பாவப்பட்ட கிழவன் ஆகிவிடுவான், ஊரே இவனுக்காக அழும். அது எதற்கு? வேண்டாம் என்று சொல்லிவிட்டான் அல்லவா. கையை எடுத்தாள். தரையைப் பிடித்து, பாயைப் பிடித்து, முனகல் வெளியே வராமல் நகர்ந்து நகர்ந்து அவனுக்கு முன்பக்கம் வந்தாள். அவனுடைய நீட்டிய பாதத்துக்கு எதிரே, வெறும் தரையில், காலை மடக்கி உட்கார்ந்தாள். சுவர் இல்லாமல் தரையில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம். இடுப்பில் கத்தி இறங்கியது, இறங்கட்டும். எண்ணிக்கை நின்றுபோனதால் இருபத்தோரு பேரும் குனிந்தபடியே காத்திருந்தார்கள். ஜமுனா அம்மாள் மட்டும் தலையைத் திருப்பி அக்குள் வழியாகப் பார்த்தாள்.

"அந்த ஏழெட்டுல நான் எத்தனாவது சார்?" என்றாள் வல்லி, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. "கோவில்பட்டி. செண்பகவல்லி. திருச்சியில ரெண்டாம் பரிசு."

பனியனுக்குள் முதுகெலும்பு அசைவற்று நின்றது. கெண்டைக்காலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. அவன் தலையைத் தூக்கவில்லை. பிரபாவதி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். மாமனாரையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாமா, மேடம் என்ன கேக்காங்க?" என்றாள். ஒவ்வொருவராக நிமிர ஆரம்பித்தார்கள். அவன் ஒருவன்தான் குனிந்த வாக்கிலேயே இருந்தான். நிமிர்ந்தால் இருபத்திரண்டு முகத்தைப் பார்க்கவேண்டும். குனிந்தே இருந்தால் இடுப்பு தாங்காது, எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். வல்லி அவசரப்படவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தலை எழும்புவதற்காக உட்கார்ந்திருந்தாள்.